ஐந்து நிமிஷப் பள்ளம்

ஆசிரியன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்த அந்நிய நாட்டான் ஒருவன் எதிரில் வந்து உட்காருகிறான். ஆசிரியன் ஒரு வாக்கியம் சொல்ல, மாணவன் அதைத் திருப்பிச் சொல்கிறான். வாக்கியங்கள் எல்லாம் வால்வரீன் என்ற காட்டு மிருகத்தைப் பற்றியவை – அர்த்தமற்றவை, லேசாகக் குரூரமானவை. திடீரென்று ஆசிரியனுக்கு மாரடைப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து சாகிறான். மாணவன் ஒரு கணம் பார்க்கிறான். பிறகு, இதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்து, தானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறான்.

1975 அக்டோபர் 11ந் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு, நியூயார்க் என்.பி.ஸி. நிறுவனத்தின் 8-எச் ஸ்டூடியோவிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியின் முதல் காட்சி இது. (அந்தப் பெயர் அதற்கு வந்தது 1977இல். ஆரம்பத்தில் வேறொரு கம்பெனியின் நிகழ்ச்சி அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தது.) ஆசிரியனாக விழுந்தவர் மைக்கேல் ஓடானஹூ, நிகழ்ச்சியின் எழுத்தாளர்களில் மிகவும் கசப்பானவர். கூட விழுந்தவர் ஜான் பெலூஷி. இருவரும் கிடக்கிற இடத்துக்குக் காதில் ஒலிக்கருவி மாட்டிய ஸ்டூடியோ ஆள் ஒருவர் வந்து பார்த்து, காமிராவைப் பார்த்துச் சிரித்து, நிகழ்ச்சி ஆரம்பம் என்று கூவுகிறார் – செவி சேஸ்.

இந்த மூன்று நிமிஷங்களை நினைக்கும்போதெல்லாம், அந்த நிகழ்ச்சி தன் ஜாதகத்தைத் தானே முதல் நாளில் எழுதிவைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். ஐந்து வருஷம் கழித்து ஆசிரியன் விழுந்தான். மாணவர்கள் பாடம் என்று நினைத்து அந்த விழுதலையும் சேர்த்து நடித்தார்கள். 1980 நவம்பரிலிருந்து 1981 மார்ச் வரை வந்த பன்னிரண்டு நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் இதைப்பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் 'மகா மோசம்' என்று ஒரே வரியில் கடந்துபோகிற பன்னிரண்டு அவை. மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மோசம் என்பது ஒரு விமர்சனம் அல்ல. எப்படி மோசம், எதனால் மோசம் என்று கேட்கிற பொறுமை வேண்டும். வெற்றி பெற்ற ஒரு காரியத்தில் அதன் உருவம் நம் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். தோற்ற காரியத்தில் எலும்பு எலும்பாகத் தெரியும்.

*

முதலில் அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை இரவுகளில் ஜானி கார்ஸனின் பழைய நிகழ்ச்சிகளை என்.பி.ஸி. திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. அவர், வேண்டாம், அவற்றை வாரநாட்களில் போட்டு எனக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். சனிக்கிழமை இரவில் ஒன்றரை மணி நேரம் காலியாயிற்று. அதை நிரப்ப டிக் எபர்ஸால் என்ற நிர்வாகி, லோர்ன் மைக்கேல்ஸ் என்ற முப்பது வயதுக் கனடாக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். அதாவது கலைத் தாகத்திலோ கொள்கைப் பிரகடனத்திலோ பிறந்தது அல்ல இது. ஒரு பள்ளத்தை நிரப்பப் பிறந்தது. இது அதற்கு இழுக்கு இல்லை. நல்ல காரியங்கள் பலவும் அப்படித்தான் பிறந்திருக்கின்றன.

ஆனால் பள்ளத்தை நிரப்ப வந்தவர்கள் கையில் ஏதோ இருந்தது. நிக்ஸன் 1974 ஆகஸ்டில் பதவியை விட்டு ஓடியிருந்தார். 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்தது. டெலிவிஷன் பெட்டியின் முன்னாலேயே வளர்ந்த முதல் தலைமுறை இது. அந்தப் பெட்டி தினமும் மாலை ஆறரைக்குப் பொய் சொல்லும் என்பதை அந்தப் பெட்டியிலேயே பார்த்துத் தெரிந்துகொண்ட தலைமுறையும் இதுதான். எனவே அவர்களுடைய ஹாஸ்யம் டெலிவிஷனைக் கிண்டல் செய்வதாக மட்டும் இல்லை, டெலிவிஷனுக்குள் உட்கார்ந்துகொண்டு அதன் குரலிலேயே பேசுவதாக இருந்தது. போலி விளம்பரம், உண்மை விளம்பரம் வரவேண்டிய அதே இடத்தில் வரும். முதல் சில விநாடிகள் பார்ப்பவனுக்கு எது எதுவென்று தெரியாது. அந்தத் தெரியாத விநாடிகள்தான் அதன் உயிர். போலிச் செய்தி அறிக்கை நிஜச் செய்தி அறிக்கையின் மேஜை, கோட்டு, முகபாவம் எல்லாவற்றோடும் வரும். நடிகர் குழு தன்னை 'பிரதான நேரத்துக்கு இன்னும் லாயக்காகாதவர்கள்' என்று அழைத்துக்கொண்டது. அதில் தன்னடக்கம் இல்லை, தெளிவு இருந்தது.

இன்னொன்று. ஜனாதிபதி ஃபோர்டாக செவி சேஸ் நடித்தபோது ஒப்பனை கிடையாது, ஃபோர்டின் குரல் கிடையாது, ஃபோர்டின் சாயலே கிடையாது. அவர் தடுக்கி விழுந்தார், அவ்வளவுதான். சாயலைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே ஒரு அசைவைப் பிடித்துக்கொண்டது – இது மிமிக்ரி அல்ல, இது ஒரு வாசிப்பு. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

சேஸ் 1976லேயே போய்விட்டார். பெலூஷியும் டேன் ஏக்ராய்டும் 1979இல். மைக்கேல்ஸும் மீதிப் பேரும் 1980 மே 24ந் தேதி நிகழ்ச்சியோடு. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆல் ஃப்ராங்கன் என்ற எழுத்தாளர்-நடிகர் நேரடி ஒளிபரப்பில் உட்கார்ந்துகொண்டு, கம்பெனித் தலைவர் ஃப்ரெட் ஸில்வர்மனை – கம்பெனியின் நிகழ்ச்சிகள் படுதோல்வி அடைந்துகொண்டிருக்கும்போது அவருக்கு மட்டும் எதற்குப் பெரிய கார் என்று – கிழித்தார். மைக்கேல்ஸ் தனக்குப் பிறகு ஃப்ராங்கன் போன்றவர்களிடம் நிகழ்ச்சியை விட்டுப்போக நினைத்திருந்தார். அந்த இரவோடு அது முடிந்தது. கடைசி நிகழ்ச்சியின் கடைசிக் காட்சியில் எல்லோரும் ஸ்டூடியோவை விட்டு நடந்து வெளியேறுகிறார்கள். 'ஒளிபரப்பில்' என்ற விளக்கு எரிகிறது, அணைகிறது. அங்கேயே அது முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் பள்ளம் இருந்தது, சனிக்கிழமையும் வந்துகொண்டிருந்தது.

*

விருந்தாளிகளையும் பிரபலங்களையும் ஏற்பாடு செய்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜீன் டூமேனியன் தயாரிப்பாளர் ஆனார். நடிகர்கள் எல்லோரும் புதியவர்கள், எழுத்தாளர்களும் அநேகமாக அப்படியே. 1980 நவம்பர் 15ந் தேதி திரை எழுகிறது. பெரிய படுக்கை ஒன்றில் அந்த வாரத்து விருந்தாளி எலியட் கூல்டும் புதுக் குழுவும். ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். சார்லஸ் ராக்கெட் என்கிற உயரமான ஆள், தான் செவி சேஸும் பில் மரேயும் கலந்த மாதிரி என்கிறார். மற்றவர்களும் இதே பாணியில் பழைய குழுவின் முகங்களைக் கலந்து தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது கிண்டல்தானே, தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வதுதானே என்று கேட்கலாம். உத்தேசம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கிண்டலாகச் சொல்லப்பட்டது சில நிமிஷங்களில் நிஜமாகிவிடுகிறது. ஏனெனில் அதற்குப் பிறகு வருகிற ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. தன்னைப் 'பிறத்தியாரின் கலவை' என்று சொல்லிக்கொண்டு மேடை ஏறுபவன், பார்ப்பவனிடம் ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். பார்ப்பவன் அந்த அளவுகோலால்தான் அடிப்பான். நான் வேலை பார்க்கிற வங்கியில், ஒருவர் மாற்றலாகிப் போய் அந்த நாற்காலியில் புதியவர் உட்கார்ந்த முதல் வாரம், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற முகங்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் யாரையோ தேடும். அந்தப் புதியவரே, அவர் மாதிரிதான் சார் நானும் என்று சொன்னால் என்ன ஆகும்?

ராக்கெட்டின் விஷயத்தில் இது ஒரு வீணடிப்பு என்றே சொல்வேன். அவர் நிஜமாகவே டெலிவிஷன் நிலையங்களில் செய்தி வாசிப்பவராக வேலை பார்த்தவர். நிஜச் செய்திக்காரனின் தாடையும் தலைமயிரும் குரலும் கொண்ட ஒருவன் போலிச் செய்தி வாசிக்கிறான் – இதற்குள் எவ்வளவு சாத்தியம் இருந்தது! அந்த முகத்தை அப்படியே விட்டிருந்தால், பார்ப்பவனுக்கு முதல் சில விநாடிகள் தெரியாமல் போகிற அந்தப் பழைய அபாயம் திரும்ப வந்திருக்கும். ஆனால் அவர் செவி சேஸ் ஆக வேண்டியிருந்தது. புருவத்தை உயர்த்தி, இது ஜோக் என்று நமக்கு ஒவ்வொரு வரியிலும் தெரிவிக்க வேண்டியிருந்தது. போலியைப் போலி செய்தால் நிஜம் வரும் என்று கணக்கில் வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தத் தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, டூமேனியனுக்கு ஹாஸ்யம் தெரியாது. இரண்டு, மைக்கேல்ஸ் ஒரு மேதை, மேதை போனால் மிஞ்சுவது சக்கைதான். இரண்டுமே சோம்பேறிக் காரணங்கள். முதலாவதற்குப் பதில்: எடீ மர்ஃபி நுழைந்தது டூமேனியனின் காலத்தில்தான் – வாசலில் நிறுத்தி வைத்துத்தான் என்றாலும். இரண்டாவதற்குப் பதில் 1985இல் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பார்வையில் காரணம் வேறு. மைக்கேல்ஸ் குழு விட்டுப்போனது ஒரு பாத்திரம் – முன்காட்சி, கூவல், விருந்தாளியின் பேச்சு, போலி விளம்பரம், பாதியில் செய்தி, கடைசியில் எல்லோரும் நின்று கையசைப்பது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு நிர்ப்பந்தத்துக்குக் கிடைத்த விடை. 1980இல் வந்தவர்கள் விடைகளை வாங்கிக்கொண்டார்கள். கேள்வி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நாடே அந்த மாதம் கார்ட்டரிலிருந்து ரீகனுக்கு மாறிக்கொண்டிருந்தது. முன்னாள் சினிமா நடிகர் ஒருவர் ஜனாதிபதி ஆகிறார், டெலிவிஷனும் அரசும் ஒன்றாகப் போகின்றன. இதைவிட ஒரு கேள்வி அந்த நிகழ்ச்சிக்கு வேறு கிடைத்திருக்குமா? ராக்கெட் ரீகனாக வந்தார், சாயல் பரவாயில்லை. அதோடு சரி.

*

பத்தொன்பது வயது எடீ மர்ஃபிக்குக் குழுவில் முழு இடம் இல்லை. வாரத்துக்கு ஏதாவது கிடைத்தால் நடிக்கலாம் என்கிற இரண்டாம் வரிசை. முதலில் தலை காட்டியது வசனமே இல்லாமல். டிசம்பர் 6ந் தேதி, செய்திப் பகுதியில் முதல் முறையாக வாய் திறந்தார். க்ளீவ்லண்டில் பள்ளிக்கூடக் கூடைப்பந்துக் குழுக்களில் குறைந்தது இரண்டு வெள்ளைக்காரப் பையன்களாவது இருக்க வேண்டும் என்று வந்த உத்தரவைப் பற்றி, ஒரு கறுப்பு முஸ்லிமின் வேஷத்தில், எங்களுக்கென்று இருந்தது இது ஒன்றுதான், இதையாவது விட்டுவிடுங்கள் என்கிற ரீதியில் பேசினார். வேஷம்தான், ஆனால் வேஷத்துக்குப் பின்னால் யாரோ இருந்தார். அந்தப் பருவத்தில் முதல் முறையாக, பேசுகிறவனுக்கு ஒரு விஷயம் தேவைப்பட்டது.

1981 ஜனவரி 10ந் தேதி நடந்ததுதான் நான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருப்பது. அன்றைய நிகழ்ச்சி முன்னதாகவே தீர்ந்துவிட்டது. எழுதிவைத்தது எல்லாம் முடிந்தது, மணி ஒன்றாக இன்னும் நாலைந்து நிமிஷம் இருந்தது. நேரடி ஒளிபரப்பு. அந்தப் பள்ளத்தில் எதையும் போட முடியாது – பழைய படச்சுருள் இல்லை, பாட்டு இல்லை. கடைசியில் அந்த இரண்டாம் வரிசைப் பையனைத் தள்ளிவிட்டார்கள். அவர் தேர்வுக்கு வந்தபோது செய்துகாட்டியதையே, தனியாக நின்று, மறுபடி செய்தார். பள்ளம் நிரம்பிற்று.

அமெரிக்கர்கள் இதை ஒரு அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள் – நட்சத்திரம் பிறந்த கதை. எனக்கு இதில் நட்சத்திரம் முக்கியமில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் 1975 திரும்ப நடந்தது என்பதுதான் முக்கியம். காலியான நேரம், தப்பிக்க வழியில்லாத கடிகாரம், கையில் தன்னுடையது என்று ஏதோ வைத்திருக்கிற ஒருவன். 'நேரடி' என்கிற வார்த்தை அந்தப் பருவம் முழுக்க ஒரு விலாசம் போலத்தான் இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் மட்டும் அதற்கு அர்த்தம் இருந்தது. உருவம் என்பதை நாம் பாத்திரம் பாத்திரம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், நானும் மேலே அப்படித்தான் சொன்னேன். பாத்திரம் உடைந்த இடத்தில்தான் உருவம் தென்பட்டது என்றால் அந்த உவமையே தவறோ என்னவோ.

பிப்ரவரியில் மர்ஃபி 'மிஸ்டர் ராபின்ஸன்' ஆக வந்தார். அமெரிக்கக் குழந்தைகளுக்கு அறுபதுகளிலிருந்து ஃப்ரெட் ராஜர்ஸ் என்றொரு சாந்த சொரூபி டெலிவிஷனில் வந்து, கம்பளிச் சட்டை மாட்டி, செருப்பு மாற்றி, நீ விசேஷமானவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மர்ஃபி அதே பாட்டு, அதே நிதானம், அதே புன்சிரிப்போடு வருகிறார். ஆனால் வீடு ஒரு சேரிக் குடியிருப்பில். கதவை வீட்டுக்காரன் தட்டுகிறான், வாடகை பாக்கி. குழந்தைகளுக்கு இன்றைக்கு ஒரு புது வார்த்தை சொல்லித் தருகிறேன் என்று, அந்த வாழ்க்கைக்குத் தேவைப்படுகிற ஒரு வார்த்தையை எழுதிக் காட்டுகிறார். இதுவும் நகல்தான். ஆனால் நகலுக்கும் மூலத்துக்கும் நடுவில் ஒரு தெரு இருக்கிறது, அந்தத் தெருவில் இவர் வசித்திருக்கிறார். நகல் செய்வது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை என்பது இதனால் விளங்கும்.

*

நான் சொல்ல வருவதைக் காட்ட, இரண்டு வருஷ இடைவெளியில் அதே நிகழ்ச்சியில் வெடித்த இரண்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது 1981 பிப்ரவரி 21. 'டல்லஸ்' என்ற தொடரில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று 1980 முழுவதும் அமெரிக்கா கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொடரில் நடித்த சார்லீன் டில்டன் இந்த வாரத்து விருந்தாளி. எனவே இங்கே ஸி.ஆர். – சார்லஸ் ராக்கெட் – சுடப்படுகிறார், சுட்டது யார் என்று ஒன்றரை மணி நேரம் இழுக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் கையசைக்கும் நேரம். சக்கர நாற்காலியில் ராக்கெட். சுடப்பட்டது எப்படி இருக்கிறது என்று டில்டன் கேட்கிறார். பதிலில் ராக்கெட், அமெரிக்க டெலிவிஷனில் சொல்லவே கூடாத அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுகிறார். கூட இருந்தவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே பயப்படுகிறார்கள். அவரும் டூமேனியனும் சில வாரங்களில் வேலையிழந்ததற்கு அது மட்டுமே காரணம் இல்லை. ஆனால் இன்றும் அவர் பெயருக்குப் பின்னால் அந்த ஒரு வார்த்தைதான் நிற்கிறது. அவர் 2005இல் இறந்துபோனார்.

அந்த வார்த்தை ஆபாசம் என்பது என் புகார் இல்லை. அது வெறுமை, அதுதான் புகார். வேறொரு டெலிவிஷன் தொடரின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டார்கள். ஜே.ஆரைச் சுட்டது யார் என்று ஒரு தேசம் ஏன் கேட்டுக்கொண்டிருந்தது என்பதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம் சொல்ல ஒன்றுமில்லாமல் இழுத்துவிட்டு, முடிகிற தறுவாயில் அந்த மனிதர் ஏதாவது நிஜமாக நடக்கவேண்டும் என்று தவித்ததாகத்தான் எனக்குப் படுகிறது. கெட்ட வார்த்தை அந்தத் தவிப்பின் சத்தம். நேரடி ஒளிபரப்பில் நிஜமாக நடக்கக்கூடியது அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

இரண்டாவது 1983 மார்ச். இதற்குள் மர்ஃபி 'பக்வீட்' என்ற பாத்திரத்தால் நாடு பூராவும் தெரிந்தவராகியிருந்தார். பக்வீட் பழைய ஹாலிவுட் குழந்தைப் படங்களில் வந்த கறுப்புச் சிறுவன். வெள்ளைக்காரர்கள் சிரிப்பதற்காக வார்த்தைகளைக் குழறுகிறவன். மர்ஃபி அவனை வளர்ந்த மனிதனாக்கி, பிரபலமான பாட்டுகளைக் குழறிக் குழறிப் பாடவைத்தார். இதில் எவ்வளவு அங்கதம், எவ்வளவு அதே பழைய சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. ஸ்டூடியோவில் சிரித்தவர்களில் பாதிப் பேர் குழறலுக்குத்தான் சிரித்திருப்பார்கள். மர்ஃபிக்கே அலுத்துவிட்டது. தெருவில் போனால் பக்வீட் மாதிரி பேசிக் காட்டு என்கிறார்கள். எனவே பக்வீட்டைச் சுட்டுவிட்டார்கள்.

பக்வீட் ரசிகர் கூட்டத்துக்கு நடுவில் சுடப்படுகிறான். உடனே செய்தி. டெட் காப்பல் என்ற பிரபல செய்தியாளராக ஜோ பிஸ்கோப்போ. சுடப்பட்ட காட்சியை மறுபடி பார்ப்போம் என்கிறார். பார்க்கிறோம். இன்னொரு முறை, மெதுவாக. பார்க்கிறோம். இன்னொரு முறை. சுட்டவனும் பிறகு போலீஸ் காவலில் இருக்கையில், காமிராக்களுக்கு முன்னால் சுடப்படுகிறான் – 1963இல் ஆஸ்வால்ட் சுடப்பட்டதைப் போலவே. முந்தைய துப்பாக்கிக்கும் இதற்கும் நடுவில், 1981 மார்ச் 30ந் தேதி, ரீகன் நிஜமாகவே சுடப்பட்டிருந்தார். அந்தப் படச்சுருளை டெலிவிஷன் நாளெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டது. ஸி.ஆரைச் சுட்டவர்கள் ஒரு துப்பாக்கிச் சூட்டை நகல் செய்தார்கள். பக்வீட்டைச் சுட்டவர்கள், துப்பாக்கிச் சூட்டை டெலிவிஷன் எப்படித் தின்கிறது என்பதை நகல் செய்தார்கள். மேலும், தன்னுடைய வெற்றியின் நெற்றியிலேயே சுட்டுக்கொண்டான் ஒரு கலைஞன். இது பெரிய விஷயம். நம்மில் எத்தனை பேர் நமக்குக் கைதட்டல் வாங்கித் தந்த ஒரு தொனியை நாமே கொன்றிருக்கிறோம்?

*

வரிசை தவறி முன்னால் போய்விட்டேன். 1981 மார்ச் 7ந் தேதி பில் மரே பழைய குழுவின் பிரதிநிதி மாதிரி வந்து, சோர்ந்துபோன புதியவர்களுக்குத் தைரியம் சொல்வதாக ஒரு முன்காட்சி நடித்தார். அதுவே டூமேனியனின் கடைசி நிகழ்ச்சி. 1975இல் பள்ளத்தைக் கண்டுபிடித்த அதே எபர்ஸால் பொறுப்பேற்றார். ஏப்ரல் 11ந் தேதி ஒரே ஒரு நிகழ்ச்சி. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்து மீதி நின்றது. ராக்கெட்டும் காட்ஃப்ரீடும் ஏற்கெனவே போயாயிற்று. அக்டோபருக்குள் பழைய குழுவில் மிஞ்சியவர்கள் மர்ஃபியும் பிஸ்கோப்போவும் மட்டுமே.

எபர்ஸால் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட வேண்டும். செத்துப்போன ஆசிரியனைத் திரும்ப அழைத்துவந்தார் – ஓடானஹூவை. ஓடானஹூ வந்தார். ஆனால் நிகழ்ச்சியைக் காப்பாற்றுகிற உத்தேசம் அவருக்கு இல்லை, கௌரவமாக எரித்துவிட வேண்டும் என்பதே அவர் கட்சி. முதல் கூட்டத்திலேயே சுவரில் பெயின்ட் பீச்சி 'அபாயம்' என்று எழுதினார், இங்கே இல்லாதது இதுதான் என்று. ஸில்வர்மனை, பதுங்குகுழியில் கடைசி நாட்களைக் கழிக்கிற ஹிட்லராக வைத்து நீண்ட நாடகம் ஒன்று தயாரித்தார். அது ஒளிபரப்பாகவே இல்லை. 1982 ஜனவரியில் ஓடானஹூவும் நீக்கப்பட்டார். எனக்கு அவரிடம் மரியாதை உண்டு, முழு உடன்பாடு இல்லை. அபாயம் என்று சுவரில் எழுதுகிறபோது அதுவும் ஒரு பாணியாகிவிடுகிறது. அபாயம், வாடகை கேட்டுக் கதவைத் தட்டுகிற வீட்டுக்காரனிடம் இருந்தது. சுவரில் இல்லை.

எபர்ஸாலின் மற்ற வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மர்ஃபி இல்லாவிட்டால் நிகழ்ச்சி இல்லை என்கிற நிலை. 1982 டிசம்பரில் விருந்தாளிக்கு உடம்பு சரியில்லாமல் போக, மர்ஃபியே நிகழ்ச்சியை நடத்தி, ஆரம்பக் கூவலில் நிகழ்ச்சியின் பெயருக்குப் பதில் தன் பெயரைச் சொன்னார். கூட இருந்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பது ஒரு பக்கம். சொன்னது பொய்யில்லை என்பது இன்னொரு பக்கம். 1984இல் அவரும் போனார். அடுத்த பருவத்துக்கு பில்லி கிறிஸ்டல், மார்ட்டின் ஷார்ட், கிறிஸ்டஃபர் கெஸ்ட் என்று கைதேர்ந்தவர்களாகப் பார்த்து எபர்ஸால் பிடித்துவந்தார். முன்கூட்டியே படம் பிடித்துத் திருத்திய துண்டுகள், சுத்தமான வேலை. ஷார்ட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. ஆனால் அங்கே பள்ளமே இல்லை. ஒவ்வொரு நிமிஷமும் முன்னதாக நிரப்பப்பட்டுவிட்டது. எபர்ஸால் நேரடி ஒளிபரப்பையே விட்டுவிடலாம் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு 1985இல் மைக்கேல்ஸ் திரும்பினார். மேதைக் கட்சிக்காரர்களுக்கு நான் பாக்கி வைத்த பதில் இதுதான். திரும்பியவர் நடத்திய முதல் வருஷம் 1980க்குச் சற்றும் குறைந்ததில்லை. சினிமாவில் பெயர் வாங்கிய இளைஞர்களைச் சேர்த்து ஒரு குழு. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத திறமைகள். 1986 மார்ச்சில் டேமன் வேயன்ஸ் என்ற இளைஞர், தனக்குக் கொடுத்த உயிரில்லாத போலீஸ்காரன் வேஷத்தில், ஒத்திகையில் இல்லாத ஒரு குரலை நேரடி ஒளிபரப்பில் போட்டுப் பேசினார். அன்றோடு வேலை போயிற்று. அவர் செய்தது ரசமாக இருந்தது என்று நான் வாதாடவில்லை. ஆனால் எழுதித் தராததைச் செய்ததற்காக ஆளை வெளியேற்றியது 1975ஐத் தொடங்கிவைத்த அதே கைதான்.

மே மாதம் அந்தப் பருவத்தின் கடைசிக் காட்சியில் குழு இருக்கிற அறை தீப்பற்றி எரிகிறது. மைக்கேல்ஸ் தன் கையாலேயே ஜான் லோவிட்ஸை மட்டும் வெளியே இழுத்துக்கொண்டு போகிறார், மற்றவர்கள் உள்ளே. அக்டோபர் 11ந் தேதி, முதல் நிகழ்ச்சிக்குச் சரியாகப் பதினோரு வருஷம் கழித்து, மடோனா வந்து கம்பெனியின் அறிக்கை ஒன்றை வாசித்தார்: போன வருஷம் முழுவதும் ஒரு கெட்ட கனவு. (இதுவும் 'டல்லஸ்' தொடரிலிருந்துதான். அங்கேயும் ஒரு வருஷக் கதையைக் கனவு என்று சொல்லி அழித்தார்கள்.) அரங்கம் சிரித்தது. புதுக் குழு உண்மையிலேயே திறமையானது, நிகழ்ச்சி பிழைத்தது, 2025இல் ஐம்பது வயது கொண்டாடியது.

இந்தக் கனவு ஜோக்கை எல்லோரும் புத்திசாலித்தனம் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது. 1980இல் தோற்றவர்களுக்குத் தோல்வி தெரிந்திருந்தது, ராக்கெட்டின் அந்த வார்த்தையில்கூட அது இருந்தது. 1986இல் நிகழ்ச்சி தன் தோல்வியையும் ஒரு துணுக்காக்கி விற்கக் கற்றுக்கொண்டது. இனிமேல் அதற்குத் தோல்வியே கிடையாது, மாறுகிற காலங்கள் மட்டும்தான் உண்டு.

அந்தப் பன்னிரண்டில் ஒரு நாடகம். விளையாட்டு மைதானத்தில் ஆர்கன் வாசிக்கிறவன் ஒருவனை இழவு வீட்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் இடம் பொருள் தெரியாமல் மைதானத்துப் பாட்டுகளையே வாசிக்கிறான். சவப்பெட்டியில் பிணமாகக் கிடப்பவர் கில்பர்ட் காட்ஃப்ரீட். பின்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிறீச்சிடும் ஒரு குரலால் உலகத்துக்கே தெரிந்தவரானார், வால்ட் டிஸ்னியின் 'அலாவுதீன்' படத்தில் கிளிக்குக் குரல் கொடுத்தவர். அந்தக் குரல் அப்போது அவரிடம் இல்லை, அல்லது யாரும் கேட்கவில்லை. தன் வாழ்க்கையில் தாழ்ந்துபோன இடம் அந்தப் பிணவேஷம் என்று அவர் பின்னால் சொன்னார். ஸ்டூடியோவில் அவ்வளவாகச் சிரிப்பு இல்லை. ஆர்கன் வாசித்துக்கொண்டே இருக்கிறது. வசனம் ஒன்றும் கொடுக்கப்படாத இருபத்தைந்து வயது மனிதர் கண்ணை மூடி, அசையாமல், நேரம் முடிகிறவரை கிடக்கிறார்.